தலையாட்டாத நோயாளி

வார்த்தினிக்கு நாற்பத்தொரு வயதில் நோயாளி வேலை கிடைத்தது. உடம்பில் ஒரு நோவும் கிடையாது. கிழக்கு ஜாவாவில் மலாங் நகரின் மேற்குச் சரிவில் இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், மாணவர்கள் பேசிப் பழகவும் தேர்வுக்கும் நோயாளிகளாக நடிக்க ஆள் எடுத்தார்கள். அதே சந்தில் குடியிருந்த துக்கிரான் முப்பது வருஷம் ஊருக்குள் ஆளேற்றும் நீல வேன் ஓட்டி முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தவர். அவர் அங்கே இரண்டு வருஷமாகக் குடல்வால் வீக்கக்காரராக நடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் அவளை அழைத்துப் போனார்.

"இருமத் தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்னண்ணே? ஒன்றரை வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன்."

அவள் புருஷன் ஜுமாடியை அடக்கத்துக்குத் தூக்கிப் போன தோள்களில் துக்கிரானுடையதும் ஒன்று.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அவள் கிராம்புச் சிகரெட் சுற்றியவள். பதினேழு வயதில் அந்தக் கூடத்துக்குள் போனாள். நானூறு பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து சிகரெட் சுற்றும் மரச்சட்டத்தைக் கையால் இழுத்து இழுத்து விடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அரை மணிக்கொரு தரம் மேஸ்திரியம்மா வரிசையோடு வருவாள். சுற்றி வைத்ததில் ஒரு பிடி அள்ளுவாள், கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள், சரியில்லாததை அங்கேயே மேசையில் போட்டுவிடுவாள். "இது தளர்வு. இது தலை பெருத்திருக்கு. பாரு, இப்பவே பாரு." திட்டு ஒரு நொடிதான். கை அடுத்த சுருளிலேயே திருந்திவிடும். வார்த்தினிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிறகு இயந்திரம் வந்தது, கூடத்தைப் பூட்டினார்கள்.

ஜுமாடிக்கு டயர் கடையில் வேலை. காசநோய் என்று தெரிந்தபோது அவன் பெரிதாகப் பயப்படவில்லை. ஆறு மாதம் மாத்திரை, அவ்வளவுதான் என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக விழுங்கினான். சளியை மறுபடி பரிசோதித்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று வார்த்தினியும் கூடப் போனாள். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு ஓர் இளம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அவர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"சளி நெகடிவ் ஆயிடுச்சு. நல்ல முன்னேற்றம். இனிமே தொடர்நிலை சிகிச்சைக்கு மாத்தறோம். புரிஞ்சுதா?"

"சரிங்க டாக்டர்," என்று ஜுமாடி தலையாட்டினான்.

வார்த்தினியும் தலையாட்டினாள்.

வாசலுக்கு வந்த பிறகுதான் அவள் கேட்டாள். "நெகடிவ்னா என்னங்க?"

"கிருமி இல்லைன்னு அர்த்தம். கடையில முன்னமே சொல்லிக் கேட்டிருக்கேன்."

"அப்ப மாத்திரை?"

"கிருமியே இல்லாதப்ப மாத்திரை யாருக்கு?" என்று அவன் சிரித்தான். அந்த மாத்திரைகள் அவனுக்குக் குமட்டலைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. அன்று இரண்டு பேரும் தெருவோரத்தில் பக்சோ என்ற இறைச்சி உருண்டை போட்ட சூப் குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து மாதம் கழித்து இருமல் திரும்பியது, இந்த முறை ரத்தத்தோடு. பழைய மருந்து எதுவும் கேட்கவில்லை. புது மருந்து ஊசியாகவும் மாத்திரையாகவும் வந்து அவன் காதைச் செவிடாக்கியது. ஒன்றரை வருஷத்தில் போய்விட்டான்.

டாக்டர் மேல் அவளுக்குக் கோபம் வந்து வந்து அடங்கியது. அடங்காதது வேறு. அந்த அறையில் தலையாட்டியது அவன் மட்டும் இல்லை. படித்தவர் முகத்துக்கு நேரே 'புரியலை' என்று சொன்னால், 'நீங்க சரியாச் சொல்லலை' என்று குற்றம் சொன்ன மாதிரி. அவர்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். காது கொடுத்துக் கேட்டேன் என்பதற்கு மரியாதையாக ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். எதிரே இருப்பவர் அதைப் 'புரிந்தது' என்று எடுத்துக்கொண்டால் யார் என்ன செய்வது?

கல்லூரியில் நடிக்கிற நோயாளிகளைப் பழக்கியவர் டாக்டர் லாரசாத்தி. வயது முப்பத்தெட்டு. பாடத்திட்டத்தைச் சீர்படுத்தும் பிரிவு என்று ஒன்று இருந்தது, அதில் அவரையும் ஓர் எழுத்தரையும் தவிர யாரும் இல்லை. அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார். என்ன நோய், எத்தனை நாளாக, கேட்டால் எதைச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் எதைச் சொல்லக்கூடாது என்று எல்லாம் அதில் இருக்கும். எந்தத் தாளானாலும் கடைசி வரி ஒன்றுதான்: நோயாளி புரிந்துகொண்டு தலையாட்டுவார்.

வார்த்தினி சீக்கிரமே நல்ல பெயர் வாங்கினாள். சர்க்கரை நோய், ஒற்றைத் தலைவலி, கருப்பை வலி என்று எதைக் கொடுத்தாலும் மிகைப்படுத்தாமல் செய்தாள். துக்கிரான் மாதிரி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து மாணவிகளைப் பயமுறுத்தவில்லை. கடைசி வரியும் அவளுக்கு முதலில் உறுத்தவில்லை. மூன்று வருஷம் ஆட்டினாள்.

மூன்றாம் வருஷக் கடைசியில் இறுதியாண்டு மாணவர்களின் செயல்முறைத் தேர்வு வந்தது. மணி அடித்தால் மாணவன் ஓர் அறைக்குள் வருவான், பதினைந்து நிமிடம் நோயாளியோடு பேசுவான், மூலையில் ஒரு தேர்வாளர் மதிப்பெண் போடுவார், மறுபடி மணி, அடுத்த அறை. வார்த்தினிக்கு அன்று கிடைத்த தாளில் இருந்தது: காசநோய், இரண்டாம் மாதம், சளி முடிவு வாங்க வந்திருக்கிறார்.

முதலில் உள்ளே வந்தவன் பகாஸ்கரா. ஆறடி உயரம், வெள்ளைக் கோட்டின் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றது. பணிவான பையன். உட்காரச் சொல்லி நலம் விசாரித்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தான்.

"நல்ல சேதிம்மா. சளி நெகடிவ் ஆயிடுச்சு. இனிமே தொடர்நிலை சிகிச்சைக்கு மாத்தறோம். புரிஞ்சுதுங்களா?"

ஒரு சொல் மாறவில்லை. வார்த்தினியின் கழுத்து அசைய மறுத்தது.

"புரியல டாக்டர்," என்றாள். "கிருமி இல்லைன்னா மாத்திரைய நிறுத்திடலாமா?"

பகாஸ்கரா தேர்வாளரைத் திரும்பிப் பார்த்தான். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "இல்லம்மா... அதாவது, தீவிர நிலை முடிஞ்சதும் தொடர்நிலைன்னு ஒண்ணு..."

"அப்படின்னா?"

"அப்படின்னா..." மணி அடித்துவிட்டது.

அவள் திட்டம் போட்டு எதையும் செய்யவில்லை. ஆனால் முதல் ஆளிடம் கேட்டதை அடுத்தவரிடம் கேட்காமல் விடுவது நியாயமில்லை என்று பட்டது. அந்தக் காலையில் எட்டுப் பேர் வந்தார்கள். மூன்று பேர் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு பெண் அழுதுவிட்டாள். இன்னொருவன் நேரம் போகிறதே என்ற பதற்றத்தில், "ஆமாம்மா, நிறுத்திடலாம்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினான்.

பக்கத்து அறையில் இதே தாளை வைத்துக்கொண்டு வேறொரு பெண் வேறு எட்டுப் பேரிடம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அதனால் மதியத்துக்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. அந்த இரண்டு அறைகளின் மதிப்பெண்ணும் செல்லாது, பதினாறு பேருக்கும் மறுதேர்வு வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

தேர்வுக் குழுவின் தலைவர் டாக்டர் ஹெண்டார்த்தோ அவளைக் கூப்பிட்டார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர். குரலை உயர்த்தாமலே எதிரே நிற்பவரை வியர்க்க வைப்பவர். லாரசாத்தி சுவரோரம் நின்றிருந்தார்.

"தாள்ல கடைசி வரி என்னம்மா?"

"நோயாளி புரிந்துகொண்டு தலையாட்டுவார்னு இருக்கு டாக்டர்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எனக்குப் புரியல. அதனால ஆட்டல."

"உங்களுக்குப் புரியுதா புரியலையாங்கறது இங்க விஷயமே இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் நோயாளி ஒரே மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் தாள்."

"எட்டுப் பேர்கிட்டயும் ஒரே மாதிரிதான் கேட்டேன் டாக்டர்."

"பக்கத்து அறையில?"

"அது என் தப்புதான். அந்தப் பிள்ளைங்களுக்கு நான் செஞ்சது அநியாயம். ஆனா அந்தக் கடைசி வரியும் தப்பு டாக்டர். நெசமான நோயாளி புரியாமத்தான் தலையாட்டுவான். நான் ஆட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் அதுலதான் போனாரு."

ஹெண்டார்த்தோ தேர்வுக் கோப்பை மூடினார். இரக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. "வருத்தமா இருக்கும்மா," என்றார். "ஆனா இனிமே உங்களத் தேர்வுல வெச்சுக்க முடியாது."

சிற்றுண்டிச்சாலை வழியாக வெளியே போகும்போது பகாஸ்கரா மறித்தான். "அம்மா, உங்களால எங்க லீவே போச்சு. லொம்போக் தீவுக்குப் போக எல்லாம் ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தோம்."

"லீவு போனதுக்கு மன்னிச்சுக்கப்பா. கேள்வி கேட்டதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"நிறுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? நாலு மருந்து பேரும் தெரியும், அளவும் தெரியும், ஈரல்ல என்ன பண்ணும்னு படம் போட்டுக் காட்டுவேன். உங்க பக்கத்துல உக்காந்து உங்க பாஷையில எப்படிச் சொல்றதுன்னு..." அவன் கையை விரித்தான். "அத யாரும் எங்களுக்குச் சொல்லித் தரலயே. முதல் வருஷத்துல ரெண்டு வகுப்பு. அதுவும் முந்நூறு பேரு இருந்த கூடத்துல. நான் பின் வரிசை."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்று ஜுமாடிக்குச் சொன்ன டாக்டருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லிக் கொடுக்கிற இடத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

கல்லூரியிலிருந்து பயிற்சிக்கும் அழைப்பு வரவில்லை. சில வாரம் தெம்பே என்ற சோயாக் கட்டியைப் பொரித்து விற்றாள். பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக்கொண்டு தன் பேட்டையின் சுகாதார நிலைய வாசலில் போய் உட்கார்ந்தாள். மாதாமாதம் அங்கே குழந்தைகளுக்கு எடை பார்க்கும் தொண்டுப் பெண்களில் அவளும் ஒருத்தி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெளியே வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாச் சொன்னாரு. தங்கமான மனுஷன்."

"என்ன சொன்னாரு?"

"அதான், நல்லாச் சொன்னாருன்னேனே."

ஒரு கிழவர், "உப்பு ஆகாதுன்னாரு. கருவாட்ட விட்டுட்டேன். இப்ப எல்லாத்துக்கும் சோயா சாஸ்தான்," என்றார், அதிலும் உப்புதான் என்பது தெரியாமல். மூன்று வேளை மாத்திரை சொல்லப்பட்ட ஒருத்தி, தான் இரண்டு வேளைதான் சாப்பிடுவதால் இரண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு நஷ்டம் வரக்கூடாதே என்று மீந்த மாத்திரைகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவும் கொண்டு வந்திருந்தாள். வார்த்தினி எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டாள். நாற்பது பேர் ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு லாரசாத்தியிடம் போனாள்.

லாரசாத்தி நான்கு பக்கம் புரட்டியதுமே பதறினார். "ஐயோ அம்மா, அனுமதி இல்லாம நோயாளிகள இப்படிக் கேட்டு எழுதக் கூடாது. பேரெல்லாம் வேற போட்டிருக்கீங்க. இத நான் எங்கயுமே காட்ட முடியாது."

"காட்ட வேணாம் டாக்டரம்மா. நீங்க படிங்க."

சோயா சாஸ் வந்த இடத்தில் லாரசாத்தி சிரித்துவிட்டார். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "இந்த நோட்ட எரிச்சிடுங்க," என்றார். "இதையே முறையாப் பண்ணலாம். நம்ம பயிற்சிக் கூடத்துலயே. நோயாளிங்க வேணாம், நடிக்கிறவங்க போதும். மாணவன் பேசி முடிச்சதும், அவன் என்ன சொன்னான்னு நடிச்சவங்க தங்களுக்குப் புரிஞ்சபடி திருப்பிச் சொல்லட்டும். பதிவு பண்ணுவோம்."

"எப்ப?"

"அனுமதி வரணும்."

அனுமதிக்கு நான்கு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வார்த்தினி கல்லூரிக்குப் போய், "வந்துடுச்சா?" என்று கேட்டாள். எழுத்தர் அவள் தலையைக் கண்டதுமே கையை ஆட்டி இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டார். வாயில் காவலாளி, "அம்மா, உங்களுக்கும் சம்பளப் பதிவேட்டுல ஒரு வரி போட்டுடவா?" என்று கிண்டல் செய்தான். பதினேழாவது திங்கட்கிழமை எழுத்தர் கையை ஆட்டவில்லை.

முப்பத்திரண்டு மாணவர்கள், முப்பத்திரண்டு உரையாடல்கள். நடித்தவர்கள் சரியாகத் திருப்பிச் சொன்னது ஏழு. லாரசாத்தி அந்தப் பதிவுகளை ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். மேசைமேல் வறுத்த வாழைப்பழமும் இஞ்சித் தண்ணீரும் இருந்தன. முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். துக்கிரானின் குரல் வந்தபோது கூடமே அதிர்ந்தது:

"வயித்துக்குள்ள எனக்கு வால் இருக்காம். அது வீங்கியிருக்காம். வெட்டி எடுத்துட்டா நான் முழு மனுஷனாயிடுவேனாம்."

பின்னாலிருந்து ஒரு பேராசிரியை சிரித்தபடியே கேட்டார், "என்ன துக்கிரான் ஐயா, நடிக்கச் சொன்னா நகைச்சுவை பண்றீங்களே?"

துக்கிரான் எழுந்து நின்றார். வெட்கத்தில் காது சிவந்திருந்தது. "நடிக்கலீங்க. எனக்குப் புரிஞ்சத சொன்னேன். ஆறு வருஷமா இந்த நோய்தான் எனக்கு. அது என்ன ஏதுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலீங்க."

சிரிப்பு நின்றது. குடல்வால் வீக்கம் அறுவைச் சிகிச்சைத் துறையின் பாடம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெண்டார்த்தோ முதலிலிருந்தே சிரிக்கவில்லை. அவர் தன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வார்த்தினிக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் பாடத்திட்டக் கூட்டம். லாரசாத்தி எல்லாத் துறைத் தலைவர்களையும் பார்த்துவிட்டு வந்தார். வரப்பில் ஒரு சாண் விட்டுத்தரச் சொன்ன மாதிரி ஒவ்வொருவரும் துள்ளினார்கள். உடற்கூறுக்காரர் ஒரு மணி நேரம் தரமாட்டார், மருந்தியல்காரர் அரை மணி நேரம் தரமாட்டார். பேசிப் பழகும் வகுப்புக்கு இடமே இல்லை. "நீங்களும் கூட்டத்துக்கு வாங்கம்மா. எனக்குத் தனியாப் போக அலுப்பா இருக்கு," என்றார் லாரசாத்தி.

வார்த்தினி நல்ல முக்காடு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். நீள மேசையின் கடைசியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் மற்றவர்கள் பேசினார்கள். ஒரு துறைத்தலைவர் கடைசியில் அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் நக்கலாகவே, "சரி, எங்களோட எந்தப் பாடத்த வெட்டலாம், நீங்களே சொல்லுங்களேன்," என்றார்.

"எதையும் வெட்ட வேணாங்க," என்றாள். "பிள்ளைங்க இப்பவே ஒவ்வொரு பாடத்துக்கும் எங்ககூட பதினஞ்சு நிமிஷம் பேசிப் பழகறாங்க. அதப் பதிமூணாக்குங்க. மிச்சம் ரெண்டு நிமிஷத்த எங்களுக்குக் குடுங்க. ஒரு நிமிஷத்துல, அவங்க சொன்னத நாங்க திருப்பிச் சொல்றோம். இன்னொரு நிமிஷத்துல, எங்க புரிஞ்சுது, எங்க விட்டுப்போச்சுன்னு அவங்க முகத்தப் பாத்துச் சொல்றோம். அவ்வளவுதான்."

"நடிக்க வந்தவங்க வருங்கால டாக்டர்களுக்குப் பாடம் நடத்தறதா?" என்று ஒருவர் கேட்டார்.

"மருத்துவம் நாங்க எங்க சொல்லித் தரப்போறோம்? எனக்கு அது தெரியாது. எனக்குப் புரிஞ்சுதா இல்லையாங்கறது மட்டும் என்னவிட வேற யாருக்குத் தெரியும்?" அவள் ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். "நான் சிகரெட் சுத்தினவ. சரியாச் சுத்தலன்னா மேஸ்திரியம்மா அதை அப்பவே என் முன்னால போடுவாங்க. கை அடுத்ததுலயே திருந்திடும். இங்க பிள்ளை பேசிட்டுப் போயிடறான். ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு நம்பர் வருது. அத வெச்சு அவன் எதத் திருத்துவான்?"

முதலில் பேசியவர் ஹெண்டார்த்தோ. "பயிற்சியில வெச்சுப் பாக்கலாம்," என்றார். "மூச்சு மண்டலப் பாடத்துல மட்டும், ஒரு வருஷம். தேர்வுல இல்ல. தேர்வு பாடம் நடத்தற இடம் இல்ல."

லாரசாத்தி மேசைக்கு அடியில் வார்த்தினியின் முழங்காலை அழுத்தினார். போதும், ஒத்துக்கொள் என்று அர்த்தம். வார்த்தினி ஒத்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கும் முன் சொன்னாள்: "தேர்வுல இல்லாதத பிள்ளைங்க படிக்க மாட்டாங்க டாக்டர். அத நான் சொல்லல, அவங்களே சொன்னாங்க."

அவள் சொன்னபடியேதான் நடந்தது. அந்த ஒரு வருஷமும் அந்த இரண்டு நிமிடம் வந்தால் பாதிப் பேர் கைபேசியை எடுத்தார்கள். ஒருவன் கொட்டாவியே விட்டான். வார்த்தினி அவனிடம், "தம்பி, நீங்க சொன்னதுல எனக்குப் புரிஞ்சது உங்க பேரு மட்டும்தான்," என்றாள். சில நாள் அலுத்துப்போனது. நடித்தவர்களில் மூன்று பேர், பிள்ளைகளின் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசி நின்றுவிட்டார்கள். வார்த்தினி அவர்களை வீட்டுக்கு வரவழைத்து, குறையைக் குறையாகச் சொல்லாமல் 'எனக்கு இந்த இடத்துல விட்டுப்போச்சு' என்று சொல்லிப் பழக்கினாள். தினமும் யார் என்ன சொன்னார்கள் என்று லாரசாத்தி குறித்துவந்தார். வருஷ முடிவில் மூச்சு மண்டலப் பாடத்தில் மறுபடி பதிவு செய்து பார்த்தபோது, முப்பத்திரண்டுக்குப் பத்தொன்பது சரியாக வந்தது. மற்றப் பாடங்களில் பழையபடிதான்.

அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஹெண்டார்த்தோவும் மறுக்கவில்லை. தேர்வாளரின் மதிப்பெண் தாளில் ஒரு வரி ஏறியது: மாணவர், நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்தாரா? இருபதில் ஒரு மதிப்பெண். பழைய கடைசி வரி எல்லாத் தாளிலிருந்தும் போனது. அதற்குப் பதில், மாணவன் கேட்டால் புரிந்ததைச் சொல்லவும், கேட்காவிட்டால் பேசாமல் இருக்கவும் என்று எழுதினார்கள். எல்லா அறையிலும் எல்லா நோயாளிக்கும் அதே விதி, ஒரு வார்த்தை கூடக்கூடாது, குறையக்கூடாது. அதைச் சரிபார்க்க வார்த்தினியையே ஹெண்டார்த்தோ நியமித்தார். அவள் கடுமையாகவே பார்த்தாள். துக்கிரான் உருண்டு விழுவதற்குக் கூடத் தடை போட்டாள்.

"என் கலையவே கொன்னுட்டியே," என்றார் துக்கிரான்.

"வலிச்சா முனகுங்கண்ணே. கட்டில உடைக்காதீங்க."

அதன் பிறகு இரண்டு வருஷம் கழித்து ஒரு பிற்பகலில் ஹெண்டார்த்தோ தனியாகப் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். வெளியே நல்ல மழை. "குடலிறக்கம்னு ஒரு புதுத் தாள் எழுதறேன். அறுவைக்குச் சம்மதம் வாங்கறது. முதல்ல நானே சொல்லிப் பாக்கறேன், நீங்க உக்காருங்க," என்றார்.

வார்த்தினி உட்கார்ந்தாள். அவர் மூன்று நிமிடம் பேசினார். "சரி, இப்பத் திருப்பிச் சொல்லுங்க."

"வயித்துச் சுவர்ல எதோ பலவீனம்னீங்க. அப்புறம் வலைன்னீங்க. மீன் வலையா டாக்டர்?"

அவர் மறுபடி தொடங்கினார். இரண்டாம் முறை வலை சரியானது, மயக்க மருந்து விட்டுப்போனது. மூன்றாம் முறை, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று அவர் சொல்லவே இல்லை. நான்காம் முறை அவர் எழுந்து தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், ஒரு காகிதத்தில் கிழிந்த சைக்கிள் டயரையும் அதன் வழியாகப் பிதுங்கும் டியூபையும் வரைந்தார். உள்ளே வைத்துத் தைக்கிற ஒட்டுத்துணிதான் வலை என்றார். டயரைப் பார்த்ததும் வார்த்தினிக்கு ஜுமாடியின் கடை நினைவுக்கு வந்தது. ஆனால் முழுவதும் புரிந்தது. ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்த அறுவைய செஞ்சுட்டிருக்கேன்," என்று ஹெண்டார்த்தோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷம் இருபதில் ஒன்றாக இருந்த மதிப்பெண் மூன்றானது.

இப்போது வார்த்தினிக்கு நாற்பத்தொன்பது. பதினெட்டு நடிகர்களைப் பழக்குகிறாள். அவளுக்கென்று பதவிப் பெயர் ஏதும் இல்லை, அடையாள அட்டையில் 'பயிற்சி உதவி' என்று இருக்கிறது. அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. எல்லாப் பாடத்திலும் அந்த இரண்டு நிமிடம் வந்துவிட்டது. ஆனாலும் மன நோய்ப் பாடத்தில் அது இன்னும் சரியாக ஓடவில்லை. அதைப் பற்றி அவளுக்கும் லாரசாத்திக்கும் வாரம் ஒரு சண்டை நடக்கிறது.

போன வருஷம் அவள் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டாள். தாள் எல்லாமே இந்தோனேசிய மொழியில் பேசும் நோயாளிகளுக்குத்தான். ஜாவானியமாவது பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசித் தெரியும். நகரத்துக்குத் தெற்கே இருக்கும் பேட்டைகளில் மதுரா தீவிலிருந்து வந்து மதுரா மொழி மட்டும் பேசுகிறவர்கள் எத்தனை பேர்!

"மொழிபெயர்ப்பாளர் வெச்சுப் பேசறது எப்படின்னு பாடத்திட்டத்துலயே இல்லம்மா," என்றார் லாரசாத்தி.

"அதனாலதான சொல்றேன்."

"இந்த வருஷம் வேணாமே."

"யாருக்கு வேணாம் டாக்டரம்மா? உங்களுக்கா, அவங்களுக்கா?"

லாரசாத்தி பேனாவை எடுத்தார். மூன்று வாரம் கழித்து, இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடும் சாத்தே கடைக்காரரின் மனைவி சானிமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பயிற்சி அறையில் உட்கார்ந்தாள். தாளில் அவளுக்கு ரத்த அழுத்தம். முதல் மாணவி சிரித்த முகத்தோடு உள்ளே வந்து இந்தோனேசியத்தில் நலம் விசாரித்தாள். சானிமா மதுரா மொழியில், மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்லத் தொடங்கினாள். மாணவி வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வார்த்தினியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

வார்த்தினி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த மாணவி நாற்காலியை இழுத்துச் சானிமாவின் அருகில் போட்டு உட்கார்ந்தாள். கதவுப் பக்கம் திரும்பி, மதுரா மொழி தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று உரக்கக் கேட்டாள்.